கடலுக்கு அந்தாண்டயிருந்து வந்த பதில்

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் கடலுக்குக் கிழக்கே, கப்பலில் போனால் பல நாள் ஆகும் ஒரு துறைமுக ஊரில் இருந்தது. அவர்கள் கணக்கில் நாங்கள்தான் வெளிநாடு. அவர்களிடமிருந்து வருகிற தாள்களில் பழவேற்காட்டை 'வெளிநாட்டுக் கிளை' என்று போட்டிருப்பார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பாய் வீட்டு மாடியில் இரண்டு அறை, கீழே ஐஸ் பெட்டிகள், ஒரு தராசு, ஒரு மேனேஜர், எடை போடுகிற ஆள் ஒருவர், டைப் அடிக்க நான். இவ்வளவுதான் அந்த வெளிநாடு. முதல் தடவை அதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை முறைத்தார்.

எண்பதுகளின் பின்பாதி அது. நான் பொன்னேரியில் டைப்பிங் படித்துவிட்டு அந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குப்பம் கோட்டைக்குப்பத்தைத் தாண்டி. அங்கிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யப் போன முதல் பொம்பளை நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் வேலை என்னவோ கத்துகிற வேலைதான். மத்தியானம் ஆனதும் பொன்னேரி எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மெட்ராஸ் ஆபீஸ் கிடைத்ததும் அன்றைக்கு யார் யார் எவ்வளவு இறால் கொண்டுவந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். "இன்னா? இன்னா? கேக்கல!" என்று அந்தப் பக்கம் ஒருத்தர் திருப்பிக் கத்துவார். கீழ்வீட்டுப் பாயம்மா, "எங்க கொயந்த தூங்க வாணாமா?" என்று மாடிப்படியில் நின்று சண்டைக்கு வருவார்கள். மெட்ராஸிலிருந்து அது டெலக்ஸில் கடல் தாண்டிப் போகும்.

நான் கத்துகிற பெயர்களில் ஒன்று என் நைனாவுடையது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நைனா அப்போது ஊரில் இல்லை. எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

இதைச் சொல்ல வேண்டுமானால் பாடு என்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலையைக் கொண்டுபோய் இறக்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்துக்கொள்ளும். அந்த முறைக்குப் பேர் பாடு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு முன்னால் ஊர் கூடும். ஊர்த் தலைவர் ஒரு தாளும் இல்லாமல், மனதிலிருந்தே, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயர்க்காரர் "உண்டு" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நாள் என்று முடிவாகும். ஆள் செத்துப்போனால் பெயர் விழுந்துவிடும். ஆண் பிள்ளை இல்லாத வீடாக இருந்தால் பாடும் அதோடு போய்விடும்.

எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. நான் ஒருத்திதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், ஏரியில் பாடு இல்லாத நாள் அது, நைனா முகத்துவாரத்தைத் தாண்டிக் கட்டுமரத்தில் கடலுக்குப் போனார். தனியாகத்தான் போனார். தெற்கிலிருந்து பெருங்காற்று எழும்பிவிட்டது. கட்டுமரம் மட்டும் பிற்பாடு வடக்கே எங்கேயோ கரை ஒதுங்கியது என்று எளாவூர்ப் பக்கத்து ஆட்கள் வந்து சொன்னார்கள். அம்மாவும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். உடம்பு ஒதுங்கவில்லை. போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போய்விட்டது. ஊரும் எத்தனையோ தரம் தேடிவிட்டு ஓய்ந்தது.

என் அம்மா மட்டும் ஓயவில்லை. அவளுக்கு ஒரு பிடி இருந்தது. பல வருஷம் முன்னால் வடக்குக் குப்பத்து ஆள் ஒருவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், ஏதோ ஒரு கப்பல்காரன் தூக்கிக் காப்பாற்றி, அவன் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டான். பல மாதம் கழித்து அவர் கப்பல்காரன் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இது நடந்த கதை. அந்த ஆளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அம்மா, "உன் நைனா எங்கனா ஒரு ஊருல பாஷ தெரியாம மாட்டிகினு கீறாரு, வருவாரு" என்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் அரைத்துத் தாலிக்குப் பூசுவாள். நைனாவின் பாடு வருகிற நாளில் தலையில் பூ வைத்துக்கொண்டுதான் இறாலைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வருவாள். குழாயடியில் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது அவள் காதிலும் விழத்தான் செய்யும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர்களோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவோடும் சண்டை போடுவேன்.

ஊர் அவளுக்கு ஒரு வழி விட்டு வைத்திருந்தது. கடலில் காணாமல் போனவனின் பெயரை ஊர் தானாக எடுக்காது. அவன் வீட்டுக்காரி வாயால் இல்லை என்று சொன்னால்தான் எடுக்கும். அதுவரைக்கும் தலைவர் நைனாவின் பெயரைக் கூப்பிடுவார். நைனாவின் தம்பி, நான் சின்ன நைனா என்று கூப்பிடுகிறவர், தன் பெயருக்கு ஒரு "உண்டு" சொல்லிவிட்டு அண்ணன் பெயருக்கும் ஒரு "உண்டு" சொல்வார். அந்த முறை வரும் நாளில் அவரே வலை கட்டி, பிடித்ததை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது. கம்பெனிக்கும் அந்தச் சரக்கு நைனா பெயரில்தான் போகும். யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது.

கம்பெனியின் எல்லாக் கிளைகளையும் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரோடு இணைக்கப் போகிறார்கள் என்றார் மேனேஜர். இனிமேல் டிரங்கால் இல்லை, கத்தல் இல்லை. இங்கே நான் அடித்தால் டெலிபோன் கம்பி வழியே மெட்ராஸ் போய், அங்கிருந்து கடல் தாண்டி, அவர்கள் கண் முன்னால் எழுத்தாக விழும். அங்கே அடிப்பது இங்கே விழும். எனக்கு அது பொய் மாதிரி இருந்தது. பாயம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம், கத்தல் நிற்கப்போகிறது என்று.

மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு. என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். எங்கள் எடை போடுகிற ஆள் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னை "இன்னா மேடம், நாஸ்தா ஆச்சா மேடம்" என்று ஓட்டிக்கொண்டே இருந்தார். டிவி மாதிரி ஒரு பெட்டி, கீழே டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை, பக்கத்தில் சின்ன விளக்குகள் எரிகிற ஒரு டப்பா. அந்த டப்பாதான் எழுத்தைச் சத்தமாக மாற்றி டெலிபோனில் அனுப்பும், வருகிற சத்தத்தை எழுத்தாக மாற்றும் என்று விளக்கினார். மோடம் என்று பெயர் சொன்னார்.

எல்லாம் சரி, லைன்தான் நிற்கவில்லை. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் கம்பங்களில் வெறும் கம்பி. உப்புக் காற்றில் கம்பியும் பீங்கான் குமிழும் உப்புப் பூத்துக் கிடக்கும். நாம் பேசும்போது கரகரவென்று கேட்டாலும் மனுஷக் காது சமாளித்துக்கொள்ளும். மோடம் சமாளிக்காது. நாலு எழுத்து ஒழுங்காக வரும், அப்புறம் திரை முழுக்கக் கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் பூச்சி பூச்சியாக ஊரும், பிறகு லைன் செத்துவிடும். லைன்மேன் ஒருவர் துணியை எடுத்துக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறிக் குமிழ்களைத் துடைத்துவிட்டு வருவார். மறுநாள் காற்றடித்தால் பழைய கதைதான். "பேஜாரான ஊரு மேடம் இது" என்று இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்க மெஷின்தான் பேஜாரு, ஊரு நல்லாத்தான் கீது என்று நான் பதில் சொல்வேன்.

லைன் சரியாகும் வரைக்கும் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கிளைக்குச் சரக்குப் போடுகிற ஒவ்வொருவர் பெயரையும் மெஷினுக்குள் ஏற்ற வேண்டும். பெயர், குப்பம், கடைசியாக ஒரு கட்டம். அந்த ஆள் இருக்கிறாரா என்பதற்கு ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து. இருந்தால் யெஸ்ஸுக்கு 'ஒய்', இல்லாவிட்டால் நோவுக்கு 'என்'. 'என்' போட்டால் அந்தப் பெயரில் மெஷின் இனிமேல் சரக்கு வாங்காது. வேறு ஏதோ நாட்டுக் கிளையில் செத்தவர்கள் பெயரில் சரக்கு எழுதி ஏமாற்றிவிட்டார்களாம், அதனால் இந்தக் கட்டுப்பாடு. ஒவ்வொரு பெயருக்கும் கிளை பொறுப்பேற்க வேண்டும் என்று மேனேஜருக்கு உத்தரவு வந்திருந்தது.

நான் எல்லோரையும் ஏற்றினேன். நைனா பெயரை அடித்துவிட்டு, கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். திரையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தவர் அங்கே நின்றார்.

"இது யாரும்மா?"

"எங்க நைனா சார்."

அவருக்குக் கதை தெரியும்.

"அப்ப 'என்' போட்டுடும்மா. வேற வழி இல்ல."

"நீங்க வேணும்னா போடுங்க சார். நான் போட மாட்டேன்."

"எனக்கு டைப்பிங் தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்? இல்லாதவங்க பேர்ல சரக்கு வாங்கினா என் வேலை போயிடும்மா."

"இல்லாதவருனு யார் சார் பாத்தது?"

சொன்ன பிறகுதான் அது அம்மாவின் பேச்சு என்று எனக்கு உறைத்தது. நான் நைனா வருவார் என்று நம்பியவள் இல்லை. நம்புகிறாளே என்று அம்மாமேல் எரிந்து விழுந்தவள். ஆனால் அந்த 'என்' கட்டையில் விரலை வைக்கச் சொன்னபோது கை வரவில்லை. எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு போட்ட கட்டம், அதற்காக என் நைனாவை நான் சாகடிக்க வேண்டுமா? எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து கீழே போய் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மேனேஜரே பிறகு ஒரு யோசனை சொன்னார். சரக்கைச் சித்தப்பா பெயரில் எழுதிவிடலாமே என்றார். சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னேன். சின்ன நைனா வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணன் பாட்டுல புடிச்சத என் பேர்ல போட்டா ஊரு இன்னா சொல்லும்? அண்ணன் பாட்ட முழுங்கிட்டான்னு என் பல்ல புடுங்கிடுவாங்க. எனுக்கு வாணாம்மா அது."

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "நீ பேர எடுத்துடுவ. நாளிக்கு அவரு வந்து நின்னுகினு, எங்கடி என் பேருனு கேட்டா இன்னா சொல்லுவ?"

"வந்தா சொல்லிக்கறேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

கட்டம் காலியாகவே இருந்தது. லைன் வராத வரைக்கும் யாருக்கும் அவசரமில்லை. லைன் வந்துவிட்டால் காலிக் கட்டத்தை மெஷின் ஒத்துக்கொள்ளாது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். நான் தினமும் ஆபீசுக்குப் போகும்போது காற்று அடிக்கிறதா என்று பார்ப்பேன். அடித்தால் ஒரு நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

அப்புறம் ஒரு நாள் காற்று விழுந்தது. ஏரி அசையாமல் கிடந்தது. அதற்கு முந்தின நாள்தான் லைன்மேன் கம்பம் எல்லாம் துடைத்து முடித்திருந்தார். காலையிலேயே மோடத்தின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றன. மெட்ராஸ் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் மெட்ராஸ் வழியாக அந்தப் பக்கமும் கிடைத்தது. திரையில் பச்சை எழுத்தில் ஒரு வணக்கம் ஊர்ந்து வந்தது. இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யாரும் நடக்காதீங்க, யாரும் கதவச் சாத்தாதீங்க" என்று கையைக் காட்டினார். கதவுக்கும் லைனுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கே தெரியும்.

அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள்: இன்றைய சரக்கு ஒன்றை அனுப்புங்கள், சோதித்துப் பார்ப்போம்.

அன்றைக்கு வந்திருந்த சரக்கு ஒன்றே ஒன்றுதான். மாடிப்படி ஏறி வந்து, ஈரக் கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, தலையில் பூவோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பாடு வந்த நாள் அது. எடை போடுகிற ஆள் கீழேயிருந்து எடையைக் குரல் கொடுத்துச் சொன்னார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், லைன் எப்ப போகும்னு தெரியாது" என்றார் இன்ஜினியர்.

"போடும்மா" என்றார் மேனேஜர். "ஒய் போட்டு அனுப்பு. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தப் பயந்த மனிதர் அதைச் சொன்னார். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். நைனாவின் பெயர், குப்பம், ஒய், எடை. அடித்து அனுப்பினேன். பழவேற்காட்டிலிருந்து அந்தக் கம்பியில் கடல் தாண்டிப் போன முதல் பெயர் அதுதான்.

திரை சும்மா இருந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது. பழவேற்காடு, நைனாவின் முழுப் பெயர், எடை, கிடைத்தது, நன்றி. ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. இன்ஜினியர் கை தட்டினார். எடை போடுகிற ஆள் மேலே ஓடி வந்து, "அட சக்கை!" என்றார்.

அம்மா உள்ளே வந்துவிட்டாள். எப்போதும் வாசலோடு நிற்கிறவள்.

"இன்னாடி எழுதிகினு வருது?"

"நம்ம சரக்கு போய்ச் சேந்துச்சாம்மா."

"யாரு சொல்றா?"

"அங்க ஆபீஸ்ல ஒக்காந்துகினு கீறவங்க."

"எங்க?"

"கடலுக்கு அந்தாண்ட."

"இப்பவேவா?"

"இப்பவேதான்."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "அவரு பேரும் போச்சா?" என்றாள்.

"போச்சும்மா. தோ, இதான் நைனா பேரு. அவங்களே திருப்பி எழுதி அனுப்பிக்கிறாங்க."

இறால் நாற்றம் போகாத ஈர விரலை எடுத்து அந்தப் பெயரின் மேல் வைத்தாள். தொடக் கூடாது என்று சொல்ல இன்ஜினியர் வாயைத் திறந்தார், ஆனால் சொல்லவில்லை. அம்மா விரலை எடுக்காமலேயே என்னைப் பார்த்தாள்.

"அங்க கீறாரானு கேளு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுர்ரென்று ஏறியது. ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவமானமாக இருந்தது.

"இன்னாம்மா பேசற நீ? அது இறால் வாங்கற ஆபீசு. அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"கப்பல் வர்ற ஊருதான? நீதான சொன்ன?"

"ஊருனா ஒரு தெருவா? எத்தினி ஜனம் இருக்கும் அங்க?"

"கேளுடி" என்றாள். சத்தம் போடவில்லை. "இத்தினி வருசமா கேக்க ஒரு வழி இல்ல எனுக்கு. யார் கைல போய் கேப்பேன்? இப்ப வழி கீது. கேளு கண்ணு."

நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். இன்ஜினியர்தான் மெதுவாகச் சொன்னார்: "கேளுங்க மேடம். லைன் இருக்கு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தேன். நைனாவின் பெயரை மறுபடியும் போட்டு, இந்த மனிதர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டேன். கடலில் காணாமல் போனவர், மீனவர், வலது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு என்றும் சேர்த்தேன். தழும்பை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. நம்பாதவள்தானே நான்! ஆனால் அனுப்புகிற கட்டையை அழுத்திவிட்டு நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அம்மாவைவிட நான்தான் அதிகமாக எதிர்பார்த்தேன்.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே பாய் வீட்டில் குழந்தை ஒன்று சிணுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. கேள்வியைப் படித்துவிட்டு அவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். பதில் ஊர்ந்து வந்தது.

அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. வருந்துகிறோம்.

"இன்னாவாம்?" என்றாள் அம்மா.

நான் அவளைப் பார்த்தேன். தேடிச் சொல்கிறோம் என்கிறார்கள் அம்மா என்று சொல்லியிருந்தால் அவள் இன்னும் பத்து வருஷம் மஞ்சள் அரைத்திருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும்.

"அங்க இல்லியாம்மா."

"தேடிப் பாத்தாங்களாமா?"

"பாத்தாங்களாம்."

"அதுக்குள்ளயா?"

இன்ஜினியர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது போலிருக்கிறது, திரையில் கேள்விக்குறிகள் ஓட ஆரம்பித்து நைனாவின் பெயரும் பதிலும் மேலே போய் மறைந்தன. அம்மா ஓடுகிற எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்குப் போய்க் காலிக் கூடையை எடுத்துத் தண்ணீரை உதறினாள். "நேரத்தோட வா, கருவாட்டுக் கொழம்பு வச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

போலீஸ் சொல்லி அவள் நம்பவில்லை. ஊர் சொல்லி நம்பவில்லை. கரை ஒதுங்கிய கட்டுமரத்தைக் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை. முகம் தெரியாத யாரோ அனுப்பிய ஒரு வரியை ஏன் நம்பினாள் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் இந்தக் கரையில் நின்றுகொண்டு சொன்னவர்கள். அந்தக் கரையிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது. வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மஞ்சள் அரைக்கவில்லை. நான் கவனித்தேன், கேட்கவில்லை. அதற்கப்புறம் லைன் வருவதும் போவதுமாக ஒருவழியாக நிலைத்தது. நான் கத்துவதை நிறுத்தினேன். நைனாவின் பெயருக்கு நேரே நான் போட்ட ஒய் அப்படியே இருந்தது. மேனேஜர் அந்த இடம் வந்தால் படிக்காமலே அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

மறுபடியும் பாடு பிரிக்க ஊர் கூடியது. ஞாயிற்றுக்கிழமை, காலை வெயில். ஆண்கள் கோயிலுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளைகள் படகுகளுக்குப் பக்கத்தில் தள்ளி நிற்பதுதான் வழக்கம். நானும் அம்மாவும் அங்கே நின்றோம். தலைவர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "உண்டு". சின்ன நைனா தன் பெயருக்குச் சொன்னார். அடுத்து நைனாவின் பெயர் வந்தது.

சின்ன நைனா வாயைத் திறப்பதற்குள் அம்மா என் பக்கத்திலிருந்து நகர்ந்து முன்னால் போனாள். ஆண்கள் உட்கார்ந்திருந்த மணலில் போய் நின்றாள்.

"இல்ல" என்றாள்.

யாரோ இருமினார்கள். சின்ன நைனா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "அண்ணி, ஒக்காருங்க, நான் சொல்றேன்" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தலைவருக்கு வயதாகிவிட்டிருந்தது. தன் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தரம் நைனாவின் பெயரைக் கூப்பிட்டார், கொஞ்சம் சத்தமாக. அம்மாவும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"இல்ல."

"யாரும்மா சொன்னது? எதுனா ஒதுங்கிச்சா? எங்கனா பாத்தாங்களா?"

"ஒதுங்கல" என்றாள் அம்மா. "கேட்டுட்டோம். அந்தாண்டயும் இல்லியாம்."

தலைவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர் "உண்டு" என்றார்.